வாசகர் கேள்வி: "அசைன்மென்ட் என்றாலே வயிற்றைப் பிசைகிறது"

கேள்வி:

வணக்கம் மேடம். நான் டெல்டா பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். வகுப்பில் பாடம் நடத்தினால் நன்றாகப் புரிகிறது. தோழிகளுக்குச் சொல்லியும் கொடுப்பேன். ஆனால் அசைன்மென்ட் என்று சொன்னாலே வயிற்றைப் பிசைகிறது. தேதி சொன்ன நாளிலிருந்து தினமும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன், ஒரு வரி எழுத மாட்டேன். கடைசி ராத்திரி போனில் கிடைப்பதைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். போன தடவை சாட்ஜிபிடியில் கேட்டு எழுதினேன். பத்துக்கு ஏழு வந்தது. ஆனால் அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை 'சென்னை மாகாணப் பெரும் பஞ்சம், 1876–78' என்ற தலைப்பில் ஆறு பக்கம் தர வேண்டும். தமிழில் எழுதலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் சோம்பேறியா? எனக்கு எழுத்தே வராதா? இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது என்றும் சில நேரம் தோன்றுகிறது. பெயர் போட வேண்டாம் மேடம்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சோம்பேறி இல்லை. உங்களுக்கு எழுத்து வராது என்பதும் உண்மை இல்லை. உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி. நடந்ததை வரிசையாகச் சொல்லி, எந்த இடத்தில் சிக்குகிறது என்று காட்டி, கடைசியில் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். கட்டுரை எழுதுகிறவர் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதேதான். கடிதம் எழுத உட்கார்ந்தபோது என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. அசைன்மென்ட் எழுத உட்காரும்போது அது தெரிவதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது, கையிலோ குணத்திலோ இல்லை.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வை நினைத்துப் பாருங்கள். நூறு மதிப்பெண்ணில் 24 மதிப்பெண் நெடுவினாக்களுக்கு; எட்டு எட்டாக மூன்று வினாக்கள். அதில் பொதுக்கட்டுரைக்குக் குறிப்புகளைக் கேள்வித்தாளிலேயே கொடுத்துவிடுவார்கள். முன்னுரையிலிருந்து முடிவுரை வரை இன்ன இன்ன வரிசை என்று வழி போட்டிருக்கும். நீங்கள் அந்தந்தத் தலைப்பின் கீழே ஐந்தாறு வரி நிரப்ப வேண்டும். நடுவே ஒரு குறளோ பாரதி வரியோ வந்தால் கூடுதல் நல்லது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தேர்வின் நேரத்துக்கும் அத்தனை லட்சம் தாள்களைத் திருத்துவதற்கும் அப்படித்தான் வைக்க முடியும். ஆனால் அந்தப் பயிற்சியில் ஒன்று விடுபட்டுப்போகிறது: என்ன சொல்லலாம் என்று தானே முடிவு செய்வது. அதைக் கேள்வித்தாள் உங்களுக்காகச் செய்துகொடுத்தது. கல்லூரியில் குறிப்புகள் இல்லை, தலைப்பு மட்டும்தான் வருகிறது. குறிப்புகளை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று உங்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. வரலாற்றுத் துறையில் அசைன்மென்ட் திருத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், வகுப்பில் பளிச்சென்று பதில் சொல்லும் பிள்ளைகளும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அதோடு, கடைசி ராத்திரி நீங்கள் செய்வது ஒரு வேலை இல்லை. எதைப் படிப்பது, படித்ததில் எதைச் சொல்வது, அதை எந்தச் சொற்களில் சொல்வது, எல்லாவற்றையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஏ4 தாளில் மார்ஜின் போட்டு எழுதுவது என்று நான்கு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மனநிலை வேண்டும். நான்கையும் ஒரே இரவில், ஒரே தாளில், ஒரே மூச்சில் செய்யப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைப் பிசையத்தான் செய்யும். அந்த நேரத்தில் காப்பியடிப்பது ஒன்றுதான் நான்கையும் சேர்த்து முடித்துத்தருகிற வழியாகத் தெரியும்.

இப்போது உங்கள் தலைப்புக்கு வருகிறேன். 'சென்னை மாகாணப் பெரும் பஞ்சம், 1876–78' என்பது ஒரு நிகழ்வின் பெயர். ஒரு பெயரைப் பற்றி எழுது என்றால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது? அதனால்தான் எல்லாருடைய தாளிலும் காரணங்கள், விளைவுகள், நிவாரண நடவடிக்கைகள் என்ற மூன்று தலைப்புகள் வந்துவிடுகின்றன. தலைப்பை அப்படியே எழுத முடியாது; கேள்விக்குத்தான் பதில் எழுத முடியும். ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன்னால், அந்தத் தலைப்பிலிருந்து நீங்கள் பதில் தேட விரும்பும் ஒரே ஒரு கேள்வியை உண்டாக்கிக்கொள்ளுங்கள். நான் உங்களுக்குச் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

கேள்வி எப்படி வரும்? சும்மா யோசித்தால் வராது. கொஞ்சம் படித்தால் வரும். இந்தப் பஞ்சத்தைப் பற்றி அரை மணி நேரம் படித்தால் கிடைக்கக்கூடியதைச் சொல்கிறேன், பாருங்கள்.

1876இல் பருவமழை பொய்த்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருஷம். அதனால்தான் பெரியவர்கள் இதைத் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வது. பெல்லாரி, கடப்பா, கர்னூல், நெல்லூர், வட ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள் கடுமையாக அடிபட்டன. 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் நடத்தினார். அதே மாதம், நிவாரணச் செலவைக் கட்டுக்குள் வைக்கும்படி சொல்லி சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கிலேய உயர் அதிகாரியைச் சென்னைக்கு அனுப்பினார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம்; ஓரணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. நாள் முழுக்க வெயிலில் மண் வெட்டுகிற உடம்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். சில மாதங்களில் மாகாண அரசு கூலியை உயர்த்தியது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்திருப்பார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பிறகு ஒரு பஞ்சக் கமிஷன் அமைத்தார்கள். அது 1880இல் அறிக்கை தந்தது. அடுத்த பஞ்சங்களில் அரசு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் விதித்தொகுப்புகள் அதன் வழியாக வந்தன.

இதைப் படிக்கும்போது ஏதாவது ஓரிடத்தில் "இது எப்படி?" என்று மனம் நின்றிருக்கும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரை அங்கே இருக்கிறது.

நீங்கள் டெல்டாவிலிருந்து எழுதுகிறீர்கள். தஞ்சாவூர் மாவட்டத்துக்குக் காவிரிப் பாசனம் இருந்தது. பஞ்சம் அங்கே சேலம் அளவுக்குக் கொடுமையாக இல்லை. சேலத்துக்கு அப்போதே ரயில் பாதையும் இருந்தது. அப்படியிருந்தும் சேலத்தில் ஏன் அத்தனை பட்டினி? தானியம் வந்து சேராததாலா, வந்த தானியத்தை வாங்கக் கையில் காசு இல்லாததாலா? இது ஒரு நல்ல கேள்வி. உங்கள் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

சென்னையில் உங்களுக்கு உறவினர் இருந்தால் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. நீளப் பகுதி 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்தான் கால்வாய்க்கு வந்தது. பட்டினி கிடந்தவர்களுக்குச் சும்மா சோறு போடாமல் ஏன் வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுத்தார்கள்? இதுவும் ஆறு பக்கம் தாங்கக்கூடிய கேள்விதான்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி வேறு. 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தை நடத்தியவரும் இதே ரிச்சர்ட் டெம்பிள்தான். அங்கே பர்மாவிலிருந்து அரிசியை இறக்குமதி செய்து தாராளமாக வழங்கினார். பட்டினிச் சாவுகள் மிகக் குறைவு. அத்தனை பேரைக் காப்பாற்றியதற்குப் பாராட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் அளவுக்கு மீறிச் செலவழித்துவிட்டார் என்ற கண்டனம்தான் வந்தது. பீகாரில் உயிர்களைக் காப்பாற்றிய அதே மனிதர், மூன்றே ஆண்டுகளில் சென்னைக்கு வந்து கூலியைக் குறைத்தது ஏன்?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டால் கட்டுரை எப்படித் தானாக வடிவம் கொள்கிறது என்று கவனியுங்கள். முதலில் உங்கள் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "பீகாரில் அதிகம் செலவழித்ததற்காகக் கண்டிக்கப்பட்ட டெம்பிள், சென்னையில் செலவைக் குறைப்பதையே தம் முதல் கடமையாகக் கொண்டார், லிட்டன் அரசின் சிக்கனக் கொள்கை அதற்குத் துணை நின்றது." இந்த வாக்கியத்தோடு ஒருவர் சண்டை போட முடியும். "டெம்பிளை ஏன் குறை சொல்கிறாய், அவர் மேலிடத்து உத்தரவைத்தானே நிறைவேற்றினார்?" என்று கேட்க முடியும். சண்டைக்கு இடம் கொடுக்கிற வாக்கியம்தான் கட்டுரையைத் தாங்கும். "பஞ்சத்தால் மக்கள் சொல்லொணாத் துயரம் அடைந்தனர்" என்பதை யார் மறுக்கப்போகிறார்கள்? மறுக்க முடியாத வாக்கியத்தை மூன்று வரிக்கு மேல் நீட்டவும் முடியாது. பக்கம் நிரம்பவில்லை என்று பிள்ளைகள் எழுத்தைப் பெரிதாக்கி எழுதுவது பெரும்பாலும் இதனால்தான்.

அந்த ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால், படிப்பவர் அதை நம்ப என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பீகாரில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும், அது ஒரு பக்கம். அதற்கு வந்த கண்டனம் அரைப் பக்கம். சென்னையில் மழை பொய்த்து விலை ஏறிய நிலைமை ஒரு பக்கம். ஒரு பவுண்டுக் கூலியும் அதற்குக் கார்னிஷ் சொன்ன மறுப்பும் ஒன்றரைப் பக்கம். கட்டுரையின் நடுப்பகுதி அதுதான், அங்கே எண்களை நிதானமாகச் சொல்லுங்கள். பிறகு, எதிர்த்துக் கேட்பவருக்கு ஒரு பக்கம்: மழை இல்லாதது காரணம் இல்லையா, லிட்டனின் பொறுப்பு எவ்வளவு, டெம்பிளின் பொறுப்பு எவ்வளவு? மீதி ஒரு பக்கத்தில் கூலி உயர்ந்ததையும் 1880 அறிக்கையையும் சொல்லி நிறுத்தலாம். ஆறு பக்கம் வந்துவிட்டது. பள்ளியில் கேள்வித்தாள் தந்த குறிப்புகளை இப்போது நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. உங்கள் மனம் நின்ற இடத்தை எடுங்கள். நான் சொன்ன தகவல்களையும் நீங்களே ஒருமுறை நூலில் பார்த்து உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.

அடுத்தது, மொழி. உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது: "தோழிகளுக்குச் சொல்லியும் கொடுப்பேன்." அப்படியானால் உங்களுக்குப் பாடம் விளங்கியிருக்கிறது, அதைக் கோத்துச் சொல்லவும் தெரிகிறது. எழுத்துத் தமிழில் சொல்ல வேண்டும் என்றதும் வாய் அடைத்துப்போகிறது. 'மனிதன் தோன்றிய காலந்தொட்டே' என்று தொடங்கினால்தான் கட்டுரை என்று மனத்தில் பதிந்துவிட்டது. எனவே முதல் வரைவை எழுத வேண்டாம், பேசுங்கள். ஒரு தோழியை உட்கார வைத்து, போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டு, உங்கள் கேள்வியையும் பதிலையும் பத்து நிமிஷம் சொல்லுங்கள். வீட்டில் பேசுவது போலவே பேசுங்கள். "போன பஞ்சத்துல நெறைய செலவு பண்ணிட்டாருன்னு திட்டு வாங்குனவரு, இந்தப் பஞ்சத்துல கையை இறுக்கிட்டாரு" என்று வந்தால், அற்புதம், அதில் முழு வாதமும் இருக்கிறது. பிறகு பதிவைக் கேட்டு எழுதும்போது, "முந்தைய பஞ்சத்தில் அதிகம் செலவழித்ததாகக் கண்டனத்துக்கு ஆளானவர், இம்முறை செலவை இறுக்கினார்" என்று மாற்றிக்கொள்வது உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை. கருத்தைத் தேடுவதும் நடையைத் தேடுவதும் இப்படித் தனித்தனி வேலையாகிவிடும். தோழி நடுவில் "யாரு அந்த கார்னிஷ்?" என்று கேட்டால் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு வரி விளக்கம் வேண்டும் என்று அர்த்தம்.

தோழி கிடைக்காவிட்டால் அம்மாவிடம் சொல்லுங்கள். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் கிராமங்களில் கும்மிப் பாட்டெல்லாம் பாடியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஏதாவது நினைவு மிச்சம் இருந்தாலும் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

எங்கே படிப்பது என்று உங்களுக்குக் குழப்பம் இருக்கலாம். நிறையத் தேடாதீர்கள். ஆறு பக்கத்துக்கு மூன்று ஆதாரம் தாராளம். உங்கள் பாடநூலின் அந்த அத்தியாயம் ஒன்று. மாவட்ட மைய நூலகத்தில் தமிழக வரலாறு, பொருளாதார வரலாறு பகுதியில் ஒரு நூல். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சோத்கங்கா என்ற தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. பஞ்சங்களைப் பற்றித் தேடினால் அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கலாம். ஆங்கிலம் சிரமமில்லை என்றால், அன்று சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இந்தப் பஞ்சத்தைப் பற்றி எழுதிய இரண்டு தொகுதிகளும் இணையத்தில் படிக்கக் கிடைக்கும். முழுதும் படிக்க வேண்டியதில்லை. டெம்பிளின் கூலியைப் பற்றிய பகுதியைப் பொருளடக்கத்தில் பார்த்து அதை மட்டும் படியுங்கள்.

படிக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை உங்கள் வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள். பிறகு திறந்து, எண்ணும் ஆண்டும் பெயரும் சரியா என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் நூலின் பெயரையும் பக்க எண்ணையும் போடுங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் கை தன்னால் அந்த வாக்கியத்தையே எழுதிவிடும். காப்பியடிக்க வேண்டும் என்று நினைக்காதவர்கள்கூட இப்படித்தான் காப்பியடித்துவிடுகிறார்கள்.

காப்பி விஷயத்தை நேராகவே பேசிவிடுவோம். ஏழு மார்க் வாங்கிய தாளைத் திருப்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றீர்கள். அந்த உறுத்தலை நான் மதிக்கிறேன். கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிகள் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஒப்புமை இருந்தால் திருத்தித் தர வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகலாம். முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்குத் தரும் ஆய்வேடுகளுக்கு அந்த விதி. அசைன்மென்ட், பருவக் கட்டுரை போன்றவற்றுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. அதனால் தண்டனையைக் காட்டி உங்களை நான் பயமுறுத்தப்போவதில்லை. ஆனால் நாளைக்கு எம்.ஏ. சேர்ந்து ஆய்வேடு எழுத உட்காரும்போது, தானாக எழுதிப் பழகாத கை திடீரென்று எழுதிவிடாது. தவறினால் பெரிய சேதம் இல்லாத இந்த ஆறு பக்கத்தில்தான் பழக முடியும்.

சாட்ஜிபிடி போன்றவற்றை அறவே தொடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரலாற்று மாணவி என்ற முறையில் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சில நேரம் அவை, உலகத்திலேயே இல்லாத நூலுக்குப் பெயரும் பக்க எண்ணும் சேர்த்துத் தரும்; நடக்காத ஒன்றை நடந்தது போல உறுதியாகச் சொல்லும். தவறான தகவலும் சரியான தகவலும் ஒரே தொனியில் வருவதால் உங்களால் பிரித்தறிய முடியாது. ஆகவே கட்டுரையை எழுதித்தரச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதிய பிறகு, "இதைப் படிக்கும் ஒருவருக்கு என்னென்ன சந்தேகம் வரும்?" என்று கேளுங்கள். அது கேட்கும் கேள்விகளில் நல்லதாக இரண்டை எடுத்துக்கொண்டு, பதிலை நூலில் தேடுங்கள். இந்த அளவுக்குக்கூட உங்கள் ஆசிரியர் சம்மதிக்க மாட்டார் என்றால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று இரவே கால் மணி நேரம் ஒதுக்கி, பாடநூலின் அந்தப் பகுதியை மட்டும் படித்து மனம் நிற்கிற இடத்தைக் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கேள்வியும் ஒரு வாக்கியப் பதிலும் கையில் இருக்கட்டும். திங்களன்று அந்த இரண்டு வரியை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் பாருங்கள். "மேடம், அசைன்மென்ட் எப்படி எழுதுவது?" என்று கேட்டால் அவராலும் பொதுவாகத்தான் சொல்ல முடியும். "டெம்பிள் ஏன் மாறினார் என்ற கோணத்தில் எழுதலாமா மேடம்?" என்று கேட்டால் அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். ஒரே மாதிரியான அறுபது தாளைத் திருத்துகிறவருக்கு ஒரு மாணவி கேள்வியோடு வந்து நிற்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் ஆசிரியர் அறை வாசலில் தயங்கி நிற்பதை எப்போதும் பார்க்கிறேன். தயங்க வேண்டாம் அம்மா. சந்தேகம் கேட்பது உங்கள் உரிமை, சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் படிப்பும் பேச்சும். வரைவைப் பழைய நோட்டில், அடித்துத் திருத்தி, வரிசை இல்லாமல் எழுதுங்கள். கார்னிஷ் பகுதி நன்றாகத் தெரியும் என்றால் அதிலிருந்தே தொடங்குங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். என்ன சொல்லப்போகிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் தெளிவாகத் தெரியும். எழுந்து போகும்போது ஒரு பத்தியை முடித்துவிட்டு எழாமல், அடுத்து வர வேண்டியது என்ன என்று ஒரு வரி கிறுக்கி வைத்துவிட்டு எழுங்கள். மறுநாள் வெறும் தாளைப் பார்த்து விழிக்க வேண்டியிருக்காது. வியாழக்கிழமை மாலை வெறுமனே நல்ல கையெழுத்தில் எடுத்தெழுதும் வேலை மட்டும் மிச்சம் இருக்கும். அதற்கு மூளை வேண்டாம். பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாம்.

எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். வேலைக்கு உதவும் என்பது ஒரு பதில், அது உண்மையும்கூட. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு மட்டும் 250 மதிப்பெண். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை, தமிழிலேயே எழுதலாம். குரூப் 1 முதன்மைத் தேர்விலும் விரிவாக எழுதியாக வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுக்கும் மனுவுக்கும் இதே திறமைதான் வேண்டும்: என்ன கேட்கிறோம், ஏன் கேட்கிறோம், அதற்கு என்ன ஆதாரம்.

ஆனால் உங்கள் தலைப்பிலேயே இதைவிட நல்ல பதில் இருக்கிறது. 1877இல் கார்னிஷிடம் பணமும் இல்லை, அதிகாரமும் பெரிதாக இல்லை. டெம்பிளை அனுப்பியவர் வைஸ்ராய். ஒரு மனித உடம்பு வேலை செய்ய எவ்வளவு உணவு வேண்டும், இந்தக் கூலியில் எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்குப் போட்டு எழுதி வாதாடியதுதான் அவரால் முடிந்தது. அந்த எதிர்ப்புக்குப் பிறகு கூலி உயர்ந்தது. அவர் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை, அதற்குள் செத்தவர்கள் திரும்பப்போவதும் இல்லை. ஆனாலும் ஒரு பவுண்டில் நின்றிருக்க வேண்டிய தட்டில் கொஞ்சம் கூடுதல் தானியமும் பருப்பும் விழுந்தன. இன்னது நடக்கிறது, இது தவறு, இதோ கணக்கு என்று கோத்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த அலுவலகத்தில் இருந்தது எத்தனை பேருக்கு உதவியிருக்கும்! உங்களுக்கு அந்தத் திறமை வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

கடிதத்தில் வயிற்றைப் பிசைவது பற்றி எழுதியிருந்தீர்கள். அது அசைன்மென்ட் நேரத்தில் மட்டும் வந்து, கொடுத்து முடித்ததும் போய்விடுகிறது என்றால், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்ததும் குறைந்துவிடும். மற்ற நாள்களிலும் தூக்கம் கெடுகிறது, சாப்பிட முடியவில்லை, கல்லூரிக்குப் போகவே பயமாக இருக்கிறது என்ற நிலை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் அரசின் மனநல ஆலோசகர்களிடம் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கூச்சப்பட அதில் ஒன்றும் இல்லை.

எழுத்துப்பிழையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதை நினைத்துத்தான் பலர் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒற்று மிகுமா மிகாதா, ரகரமா றகரமா என்றெல்லாம் வரைவு எழுதும்போது பார்க்கவே பார்க்காதீர்கள். புதன்கிழமை இரவு, எல்லாம் முடிந்த பிறகு, ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். வாயில் இடறும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். சந்தேகம் உள்ள சொற்களுக்கு அடியில் கோடு போட்டுவிட்டு, மறுநாள் தமிழ்த் துறைத் தோழி ஒருத்தியிடம் காட்டி, திருத்திய பிறகு நல்ல தாளில் எடுத்தெழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் நீங்கள் படித்த மூன்று நூல்களின் பெயரையும் பக்க எண்களையும் எழுத மறக்க வேண்டாம். மதிப்பெண் வந்ததும், எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.